கொத்துவதற்கு ஓர் இயந்திரம்: குட்டி ஃபுட் பிராசசர் நம் வீட்டுக்குத் தேவைதானா?

பெங்களூரில் தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கும் என் தங்கை, சென்ற மாதம் ஒரு தள்ளுபடி விற்பனையின் படத்தை எனக்கு அனுப்பி, "அக்கா, இந்தக் குட்டி ஃபுட் பிராசசரை வாங்கட்டுமா? உன்கிட்ட ஒண்ணு இருக்கே, உபயோகமா இருக்கா?" என்று கேட்டிருந்தாள். பதினான்கு மாதங்களாக என் திருச்சி வீட்டுச் சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் அந்தச் சாதனம் உட்கார்ந்திருக்கிறது. சில நாள் அது இல்லாமல் வேலை ஓடாது என்று தோன்றும், சில வாரம் அதன் மேல் துணி போட்டு மூடியபடியே இருக்கும். இப்படி இருக்கிற ஒன்றைப் பற்றி உபயோகம் உண்டா இல்லையா என்று ஒரு சொல்லில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, இரண்டு நாள் அவளுக்குப் பதிலே அனுப்பாமல் இருந்தேன்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் சாப்பர் என்றும் மினி ஃபுட் பிராசசர் என்றும் மாற்றி மாற்றிச் சொல்வது ஒரே பொருளைத்தான். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கொள்ளும் அகன்ற கிண்ணம், அதன் நடுவில் எஸ் எழுத்தைப் போல வளைந்த இரட்டை பிளேடு, 250 முதல் 400 வாட் வரையிலான மோட்டார், விரலை எடுத்தால் நின்றுவிடும் ஒரு பொத்தான், அவ்வளவுதான். சிலவற்றில் மோட்டார் கீழே இருக்கும், கிண்ணம் அதன் மேல் உட்காரும். சிலவற்றில் கிண்ணம் கீழே இருக்க, மோட்டாரைத் தொப்பி போல அதன் தலையில் கவிழ்த்து அழுத்த வேண்டும். இந்த வேறுபாடு அற்பமாகத் தெரிந்தாலும் பின்னால் எனக்குப் பெரிதாகப் பட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சாதனத்தைச் சின்ன மிக்ஸி என்று நினைத்து வாங்குவதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. நானும் அப்படித்தான் வாங்கினேன். உண்மையில் இரண்டும் வேறு வேறு குலத்தில் பிறந்தவை. நம் மிக்ஸி அம்மியின் வாரிசு. 1960களில் மும்பையில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர், தம் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மானிய பிளெண்டர் நம் ஊர் அரைவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் எரிந்துபோனதைப் பார்த்து, மஞ்சளையும் ஊறிய பருப்பையும் அரைக்கத் தக்க மோட்டாரோடு சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். அதன் பின்னால் வந்த எல்லா இந்திய மிக்ஸிகளும் கல்லுக்கு மாற்றாகவே வளர்ந்தவை. ஃபுட் பிராசசரோ கத்தியின் வாரிசு. பிரான்சில் உணவகங்களுக்குப் பொருள் விற்றுவந்த பியர் வெர்தோன் என்பவர், அந்தச் சமையற்கூடங்களில் நறுக்குவதிலும் துருவுவதிலும் பிசைவதிலுமே ஆட்களின் நேரம் கரைவதைக் கண்டு, 1960களில் ரோபோ கூப் என்ற பெரிய இயந்திரத்தை வடிவமைத்தார். அதை வீட்டுக்கேற்ற அளவில் கார்ல் சொன்தைமர் என்ற பொறியாளர் குவிசினார்ட் என்ற பெயரில் 1973-இல் அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அரைப்பதற்கு என்று அது ஒருபோதும் பிறக்கவில்லை. என் சமையல் மேடையில் இருப்பது அதன் பேரக்குழந்தை என்பது புரிந்த பிறகுதான், அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது எனக்குப் பிடிபட்டது.

நம் சமையல் பேச்சில் ஒரு பொருளைச் சிறிதாக்குவதற்கு எத்தனை வினைகள் இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். அரிதல், நறுக்குதல், கீறுதல், சீவுதல், துருவுதல், தட்டுதல், இடித்தல், நுணுக்குதல், அரைத்தல் என்று நீண்டுகொண்டே போகிறது. அரைத்தலிலேயே மைய அரைப்பது வேறு, கொரகொரப்பாக அரைப்பது வேறு, ஒன்றிரண்டாக உடைப்பது வேறு. இந்த வரிசையில் குட்டி ஃபுட் பிராசசர் செய்வது ஒரே ஒரு வேலையை: அது கொத்துகிறது. கொத்துக்கறி போடும் கசாப்புக் கடைக்காரர் கட்டையின் மேல் கறியைப் பரப்பி இரண்டு கைக் கத்தியாலும் மாறி மாறி வெட்டுவாரே, அதே வேலையை அந்த எஸ் பிளேடு சுற்றிச் சுற்றிச் செய்கிறது. ஆகவே கொத்த வேண்டிய பண்டம் வீட்டில் எவ்வளவு அடிக்கடி ஆகிறது என்பதே இந்தச் சாதனத்தின் உபயோகத்தை முடிவு செய்கிறது.

மசால் வடையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பை வடிகட்டி மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், பிளேடுக்குக் கீழே இருப்பது சந்தனமாகிவிடும், மேலே இருப்பது ஊறினது ஊறினபடியே முழுப் பருப்பாக முறைத்துக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து கரண்டிக் காம்பால் கிளறிவிட்டு மறுபடி சுற்ற வேண்டும், கீழே இருப்பது இன்னும் மசியும். தண்ணீர் தெளித்தால் எல்லாம் ஒரு சேர ஓடும், ஆனால் அந்தத் தண்ணீர் வடையில் எண்ணெயாகத் திரும்பி வரும். மிக்ஸியின் ஜார் குறுகலானது, அதன் பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழல்வது. நீர்மம் இருந்தால்தான் உள்ளே சுழி உண்டாகிப் பண்டம் மேலும் கீழும் போய்வரும். குட்டி ஃபுட் பிராசசரில் கிண்ணம் அகலம், சுற்று வேகம் குறைவு, பிளேடு இரண்டு மட்டத்தில் இருக்கிறது. அதே பருப்பை அதில் போட்டு, ஒரு நொடி அழுத்தி ஒரு நொடி விட்டு, மறுபடி அழுத்தினால், ஒவ்வொரு முறை விடும்போதும் மேலே எறியப்பட்ட பருப்பு பிளேடின் மேலேயே வந்து விழுகிறது. ஐந்தாவது அழுத்தலில் பாதிப் பருப்பு இரண்டாக உடைந்திருக்கும். எட்டாவதில் மூன்றும் நான்குமாக. பத்தாவதில் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் விரலிடையில் ஒவ்வொரு துணுக்கும் தனியாகத் தெரியும். பன்னிரண்டுக்கு மேல் போகாமல் நிறுத்திவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இவ்வளவு சீரான கொரகொரப்பை என் வீட்டு மிக்ஸியில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பருப்பு உசிலிக்கும் இதே கதைதான். பருப்பு உருண்டைக் குழம்புக்கும், வாழைப்பூ வடைக்கும், கோலா உருண்டைக்கும் அப்படியே. கோலாவுக்கு எலும்பில்லாத கறியை முதலில் வேகவைத்து, நீர் வற்றி ஆறிய பிறகு போட்டால், நார் நாராகப் பிரியாமல் பூவாக உதிர்கிறது. வாழைப்பூவில் கள்ளனையும் பாளையையும் நீக்கும் வேலை நமக்குத்தான் (உலகத்தில் எந்த இயந்திரமும் அதைச் செய்யப் போவதில்லை), ஆனால் நீக்கிய பிறகு மோர்த்தண்ணீரிலிருந்து பிழிந்து எடுத்துப் போட்டால் ஆறு அழுத்தலில் முடிந்துவிடுகிறது, விரல்களும் கறுப்பதில்லை. முட்டைக்கோஸும் கேரட்டும் பொரியலுக்கு நன்றாகவே வரும், ஒரேயடியாக நிரப்பாமல் கிண்ணத்தில் பாதியோடு நிறுத்திக்கொண்டால். நிரப்பினால் அடியில் தவிடு, மேலே கட்டை.

தேங்காய் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனம். பத்தையாகக் கீறிப் போட்டுக் கொத்தினால் அரை மூடி அரை நிமிடத்தில் தூளாகிறது, அவசரத்துக்குப் பொரியலின் மேல் தூவப் போதும். ஆனால் துருவியில் உட்கார்ந்து துருவும்போது வருகிற அந்தப் பஞ்சு போன்ற இழை அதில் வராது, குருணை குருணையாகத்தான் வரும். பத்தையோடு ஒட்டிய பழுப்புத் தோலும் சேர்ந்துவிடுவதால் வெள்ளை வெளேரென்று இருக்காது. புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் நான் இன்றைக்கும் துருவியைத்தான் எடுக்கிறேன்.

இனி வெங்காயம். விளம்பரங்களில் இந்தச் சாதனம் முதலில் வெட்டிக் காட்டுவது வெங்காயத்தைத்தான், எனக்கு அது அதிகம் ஏமாற்றம் தந்ததும் அதில்தான். வெங்காயத்தின் செல்களுக்குள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கும் பொருள்கள், செல் உடைந்ததும் கலந்து வினைபுரிந்து, கண்ணைக் கரிக்கும் ஆவியையும் காரமான நெடியையும் உண்டாக்குகின்றன. அந்தக் கண்ணீர் ஆவியை உண்டாக்குவதற்கென்றே வெங்காயத்தில் தனியாக ஒரு நொதி இருப்பதை 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கூரான கத்தி குறைவான செல்களைச் சிதைத்து வெட்டுகிறது. சுழலும் பிளேடு வெட்டுவதோடு அடிக்கவும் செய்வதால் அதிகமான செல்கள் நசுங்கி, வெங்காயத்திலிருந்து நீர் கசிந்து நிற்கிறது. அந்த நீரோடு எண்ணெயில் போட்டால் அது வதங்காது, வேகும். நிறம் மாற நேரமாகும், ஒரு கசப்பும் தங்கும். தக்காளித் தொக்குக்கோ ஆம்லெட்டுக்கோ இது பெரிய குறையில்லை. பிரியாணிக்கு நீளவாக்கில் அரிந்த வெங்காயம் வேண்டுமென்றால் இதனால் தரவே முடியாது, ஏனென்றால் பெரிய ஃபுட் பிராசசரில் வருகிற சீவும் தட்டுகள் இந்தக் குட்டியில் பெரும்பாலும் கிடையாது. சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தை முழுசாகப் போடுகிற வீட்டில் வேலையே உரிப்பதுதான், அதற்கு இது ஒரு விரலைக்கூட அசைக்காது.

கடிகாரத்தைப் பார்த்து ஒரு முறை அளந்தும் பார்த்தேன். நான்கு பெரிய வெங்காயம், தோல் உரித்தது. கத்தியும் பலகையுமாக நறுக்கி முடிக்க எனக்கு ஐந்தரை நிமிடம் ஆயிற்று, பலகையைக் கழுவ அரை நிமிடம். இயந்திரத்தில் நான்கு துண்டாக வெட்டிப் போட ஒரு நிமிடம், கொத்த இருபது நொடி, கிண்ணம், பிளேடு, மூடி, மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழுவித் துடைக்க மூன்றரை நிமிடம். கணக்கில் ஒரு நிமிடம் மிச்சம்தான். ஆனால் வெங்காயம் இரண்டாக இருந்திருந்தால் கத்தி ஜெயித்திருக்கும், எட்டாக இருந்திருந்தால் இயந்திரம் ஓட்டமாக ஓடி முந்தியிருக்கும். என் மாமியார் இதையெல்லாம் அளக்காமலே முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்: "இதைக் கழுவுற நேரத்துல நான் ரெண்டு தடவை அரிஞ்சு முடிச்சிருப்பேன்மா."

அந்தக் கழுவும் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோப்பு நீரில் மூழ்கிக் கிடக்கும் எஸ் பிளேடு கண்ணுக்குத் தெரியாது. பாத்திரத் தொட்டியில் அதைப் போட்டு வைத்துவிட்டு, மறந்துபோய்க் கையை விட்டு, ஆள்காட்டி விரல் நுனியைக் கீறிக்கொண்டு ஒரு வாரம் மஞ்சள் பற்றோடு நான் திரிந்தேன். இப்போது பயன்படுத்திய கையோடு பிளேடை மட்டும் தனியே எடுத்து, ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைக்காவிட்டால் இரண்டு நாளில் அதன் அடியில் புளித்த வாடை வரும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் மஞ்சள் பட்டால் போகாது. வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், வைத்துப் பார்த்தேன், பாதி வெளுத்தது.

விழுதுகளுக்கும் சட்னிகளுக்கும் இதை நம்பி இறங்காதீர்கள். நாலு துண்டு இஞ்சி, பத்துப் பல் பூண்டு என்று போட்டால் பாதி பிளேடுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும், மீதி கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொள்ளும், இஞ்சி நார் பிளேடின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். கால் கிலோவுக்குக் குறையாமல் போட்டால் ஒருவாறு கொத்தித் தரும், விழுது ஆகாது. மோட்டார் கீழே இருக்கும் வகையில் கிண்ணத்தின் நடுவில் ஒரு குழாய் எழும்பி நிற்கும், அதற்குள்தான் சுழலும் தண்டு வருகிறது. தேங்காய்ச் சட்னியைத் தண்ணீர் விட்டு அரைக்கப் போனால், அந்தக் குழாயின் விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே இறங்கி மோட்டார் வரை வழியும். மோட்டார் தலையில் இருக்கும் வகையில் கிண்ணத்துக்கு அடியில் ஓட்டையே கிடையாது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் சட்னி மைய அரைபடாது. மிளகாய் வற்றல், தனியா, மஞ்சள் போன்ற காய்ந்த சரக்குகளை இதில் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

கொன்ற அனுபவமும் எனக்கு உண்டு. இப்போது இருப்பது இரண்டாவது. முதலில் வாங்கியதில், அதிரசத்துக்காகக் கருப்பட்டியை உடைக்கச் சோம்பல்பட்டு நான்கு கட்டியை அப்படியே போட்டு அழுத்தினேன். கடகடவென்று ஒரு சத்தம், பிறகு மோட்டார் மட்டும் சுழல்கிற வெற்றுச் சத்தம், கூடவே பிளாஸ்டிக் கருகும் நெடி. திறந்து பார்த்தால் மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும் பல்சக்கரம் போன்ற பிளாஸ்டிக் துண்டின் பற்கள் மழுங்கிப் போயிருந்தன. சுண்டுவிரல் நுனி அளவுள்ள அந்தத் துண்டு தனியாகக் கிடைக்காது, மொத்தமாக மோட்டார் பகுதியையே மாற்ற வேண்டும், அதுவும் இப்போது கையிருப்பில் இல்லை என்று பழுதுபார்க்கும் இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். தெருமுனை மிக்ஸிக் கடையில் எந்த மிக்ஸிக்கும் கப்ளரும் புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் டப்பா டப்பாவாக இருக்கின்றன, சாப்பருக்கு ஒன்றுமில்லை. தப்பு என் மேல்தான் என்றாலும், உதிரி கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்கிய தப்பும் அதில் சேர்த்தி.

இத்தனையையும் மீறி இரண்டாவதாக ஒன்றை வாங்கினேன் என்றால் அதற்குக் காரணம் என் மாமியாரின் கைகள். எழுபத்திரண்டு வயது வரை அரிவாள்மனையில் உட்கார்ந்து, பார்க்காமலே பீன்ஸை ஒரே அளவாக அரிந்து தள்ளியவர். இரண்டு வருடமாகக் கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்துவிட்டது, எதையும் இறுக்கிப் பிடிக்க முடிவதில்லை. கயிற்றை இழுத்து இழுத்துக் கொத்தும் மலிவான சாப்பர் ஒன்றை முதலில் வாங்கிக் கொடுத்தோம். கயிற்றின் பிடியைப் பற்றி இழுக்க அதே கட்டைவிரல்தான் வேண்டும் என்பது எங்களுக்கு ஏனோ தோன்றவில்லை. மோட்டார் மேலே இருக்கும் வகையை இரண்டாவது முறை தேர்ந்தெடுத்தது இதனால்தான்: அதை விரலால் அழுத்த வேண்டாம், உள்ளங்கையைத் தலையில் வைத்துச் சாய்ந்தால் போதும். காய்களைப் பெரிய துண்டாக நானோ என் கணவரோ காலையில் வெட்டி வைத்துவிட்டுப் போனால், அத்தை பதினொரு மணிக்குத் தாமே கோஸ் பொரியல் செய்துவிடுகிறார். கழுவும் நேரத்தைப் பற்றிய குறை இப்போதும் சொல்வார், கழுவுவது நான் என்பதால் முன்பைவிடச் சற்று மென்மையாக.

எங்கே வைக்கிறோம் என்பதும் ஒரு விஷயம். என் திருமணத்துக்குச் சீராக வந்த பெரிய ஃபுட் பிராசசர், ஒன்பது தட்டுகளும் சாறு பிழியும் கூடையுமாக இருபது ஆண்டுகளாகப் பரணில் இருக்கிறது. அதை இறக்க ஸ்டூல் வேண்டும், பூட்ட விளக்கப் புத்தகம் வேண்டும். குட்டியின் மேன்மை அதன் திறமையில் இல்லை, ஒரு சொம்பு நிற்கும் இடத்தில் அதுவும் நின்றுகொள்வதில் இருக்கிறது. அலமாரிக்குள் போன நாளில் அதுவும் பரண் சாமான்தான். மின்சாரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 300 வாட் மோட்டாரைப் பத்து நொடி ஓட்டினால், ஒரு யூனிட் செலவாக அப்படி 1,200 முறை ஓட்ட வேண்டும்.

வாங்கியே தீருவதென்றால், கண்ணாடியோ எவர்சில்வரோ ஆன கிண்ணம், மேலே மோட்டார், நாலு பேர் வீட்டுக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு, ஊரில் உதிரி கிடைக்கிற தயாரிப்பு, இவ்வளவு பார்த்தால் போதும். அதற்கு முன்னால், இருக்கிற மிக்ஸியின் பெரிய ஜாரில் கால் பங்கு மட்டும் பருப்பைப் போட்டு, குமிழை இடப்பக்கம் திருப்பினால் வருகிற விட்டு விட்டு ஓடும் சுற்றில் நாலைந்து முறை முயன்று பாருங்கள். ஜார் அகலமாக இருந்தால் மாதம் ஒரு முறை வடை சுடுகிற வீட்டுக்கு அதுவே ஒப்பேறும்.

மூன்றாம் நாள் தங்கையை அழைத்து, வாரத்தில் என்னென்ன சமைக்கிறாள் என்று கேட்டேன். ரசம், தயிர் சாதம், முட்டைப் பொரியல், ஞாயிற்றுக்கிழமை சாம்பார், இடையில் இரண்டு நாள் வெளியில் சாப்பாடு என்றாள். ஒரு நேரத்துக்கு எத்தனை வெங்காயம் என்றேன். "ஒண்ணு, மிஞ்சிப்போனா ஒண்ணரை." கத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, வீட்டுக்காரம்மா விட்டுப்போன பழைய கத்தி, தக்காளியின் தோலில் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று சிரித்தாள். சாப்பர் இப்போதைக்கு வேண்டாம், ஒரு நல்ல கத்தியும் ஒரு மரப்பலகையும் வாங்கிக்கொள், தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மசால் வடை இங்கே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.